கையில் ஒட்டும் வெள்ளி

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் ஒரு கொக்குக்காகப் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“பறக்குறப்ப கொக்கு கால மடக்காது அண்ணாச்சி. பின்னால நீட்டிக்கிரும். வெம்பக்கோட்டை டேமுல போயி நின்னு பாத்துட்டு வந்துதான் போட்டுருக்கேன்.” எதிர்முனையில் என்னவோ சொன்னார்கள். “ஏரோப்ளேன் மாதிரி வேணும்னா ஏரோப்ளேனே போட்டுத் தாரேன். அதையும் மதுரையில பாத்துருக்கேன்.”

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் மாடி அது. கீழே மிஷின் ஓடும் அதிர்வு தரை வழியாகக் காலுக்கு வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர்கள் இருந்த அறை மட்டும் குளுகுளுவென்று இருந்தது. அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். ஏசி குளிருக்குச் சேலையின் மேல் கணவரின் முழுக்கைச் சட்டையை மாட்டியிருந்தார். சுவர் முழுக்கப் பட்டாசு லேபிள்கள் ஒட்டியிருந்தன. லட்சுமி, புலி, பச்சைக்கிளி, கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை.

போனை வைக்கும்வரை காத்திருந்து, பேச்சைத் தொடங்குவதற்காக அந்தக் குழந்தையைக் காட்டி, “இதுவும் நீங்க செஞ்சதாக்கா?” என்று கேட்டேன்.

“அது எனக்கு முந்தி இருந்தவரு போட்டது தம்பி. நான் வெள்ளக்காரப் பிள்ளையப் பாத்ததில்ல” என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேடிக்கை இல்லை. தான் கண்ணால் பார்க்காத எதையும் அவர் வரைய மாட்டார். போட்டோ கொடுத்தாலும், பழைய லேபிளைக் கொடுத்து இதே மாதிரி என்றாலும், “பாத்துட்டு வாரேன்” என்பார். அச்சகத்தில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். “இந்த ஆர்டர பாத்துட்டுவாரேன் கிட்டக் குடு” என்று மிஷின்மேன்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை வடக்கே போகும் மத்தாப்புப் பெட்டிக்குத் தாஜ்மகால் வேண்டும் என்று ஆர்டர் வந்ததாம். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். முதலாளி வேறொருவரிடம் கொடுத்துச் செய்துகொண்டார். மறுவருடக் கோடை விடுமுறையில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி ஆக்ராவுக்கே போய்விட்டார். திரும்பி வந்து யாரும் கேட்காமலே ஒரு தாஜ்மகால் லேபிளைச் செய்து முதலாளியின் மேசையில் வைத்தார். அதில் தாஜ்மகால் சின்னதாக இருந்தது. முன்னால் நிறையத் தலைகள் இருந்தன. “அம்புட்டுக் கூட்டம் முதலாளி. அதுக்குப் பின்னாலதான் இருக்கு” என்றாராம். அந்த லேபிளை இன்றுவரை எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை.

“அப்ப சாமி படம் போடுறீகளே, சாமியப் பாத்துருக்கீகளா?” என்று ஒரு மிஷின்மேன் அவரை மடக்கப் பார்த்தார்.

“இருக்கன்குடி கோயில்ல வருசா வருசம் பாக்கேன். நீங்க பாக்கலையா?” என்று கேட்டுவிட்டு அக்கா வேலையைத் தொடர்ந்தார்.

இந்தக் குணத்தால் அவர் பட்டதும் உண்டு. ஒரு தீப்பெட்டிக் கம்பெனி காலண்டருக்குச் சந்தோசமான குடும்பம் ஒன்று கேட்டது. அப்பா, அம்மா, ஆணொன்று, பெண்ணொன்று. அக்கா பல ஞாயிற்றுக்கிழமைகள் தெருத்தெருவாக நடந்தார். கடைசியில் அவர் வரைந்த படத்தில் பிள்ளைகள் இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அப்பா குழம்பு ஊற்றுகிறார், அம்மா சுவரில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்தபடி தூங்குகிறாள். கம்பெனிக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, பொம்பளைக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “ஞாயித்துக்கெளம மத்தியானம் தூங்கக் கெடச்சா அதவிட என்ன சந்தோசம்?” என்று அக்கா சொன்னது எடுபடவில்லை. அந்தப் பெரிய ஆர்டர் கைமாறிப் போயிற்று. முதலாளி பல நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் படம் மட்டும் அவருடைய கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருந்தது.

இப்படிப்பட்டவரிடம் நாங்கள் போனது ஒரு சிடிக்கு அட்டை செய்ய.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் விருதுநகர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிடி கடை வைத்திருந்தேன். சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். கணேசன் அதே குழுவில் டிரம்ஸ். மூன்றாவது ஆள் முத்துமாரி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற பெண். அவளுடைய ஊர்ப் பொங்கலில் நாங்கள் கச்சேரிக்குப் போனபோது, இடையில் கரண்ட் போய்விட்டது. கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று ஊர்க்காரர்கள் இவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள். மைக் இல்லாமல் ஒரு பாட்டுப் பாடினாள். அதுவரை நான் கேட்டிராத பாட்டு. யார் எழுதியது என்று கேட்டதற்கு, “வேன்ல போறப்ப வரும்” என்றாள்.

காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேன். அதில் அவள் கட்டிய பாட்டுகள் நிறைய இருந்தன. ஆறைத் தேர்ந்தெடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் போய் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். சினிமாப் பாட்டில்லை, பக்திப் பாட்டில்லை. எங்கள் பாட்டு, நாங்களே போடுகிற சிடி. முதல் பாட்டின் தொடக்கத்தையே அதற்குப் பெயராக வைத்தோம்: ‘வேன் வந்துருச்சு.’

அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சிடி அட்டைகளின் நடுவில் வாழ்கிறவன் நான். கதாநாயகன் முகம் பெரிதாக இருந்தால் கை தானாக நீளும். எங்களிடம் கதாநாயகன் இல்லை. அதனால் தீ போடலாம் என்றேன். கறுப்புப் பின்னணியில் ஒரு பெருந்தீ. ஆறு பாட்டில் ஒன்று முத்துமாரியின் சித்தியைப் பற்றியது. முந்தைய வருடம் ஒரு கம்பெனியில் நடந்த வெடி விபத்தில் அந்தச் சித்தி இறந்துபோயிருந்தார். தீ என்றால் பார்க்கிறவர்கள் நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். கணேசனுக்கு வானத்தில் பூப்பூவாக வெடிக்கும் வாணவேடிக்கை வேண்டும்.

அக்கா எங்கள் சிடியை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு சாட்டைப் பட்டாசு லேபிளுக்கு எழுத்துகளை நகர்த்தியபடியே ஆறு பாட்டையும் கேட்டார். சித்தி பாட்டு வந்தபோது கை மவுஸில் அப்படியே நின்றது. முடிந்ததும் மறுபடி நகர்ந்தது.

“பாட்டு நல்லாருக்கு தாயி” என்று முத்துமாரியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “தீ போட மாட்டேன்.”

அவருடைய வழக்கத்தை மிஷின்மேன்கள் அதற்குள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால், “தீய நீங்க பாத்ததில்லையாக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“பாத்துருக்கேன் தம்பி. எங்கய்யா வேல பாத்த ரூம்பு எரிஞ்சப்ப ரோட்டுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எட்டாப்புப் படிச்சேன் அப்ப.”

என் சிரிப்பு எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“பாக்காதத போட மாட்டேன். அதுக்காகப் பாத்ததெல்லாம் போடணும்னு இல்ல. ஆறு பாட்டுல ஒண்ணுதான் செத்துப்போனவுகளப் பத்தி. மத்த அஞ்சும் இருக்கிறவுகளப் பத்தி. வேனுக்கு ஓடுறாக, புருசனத் திட்டுறாக, மள வந்துச்சுன்னா வேல இல்லன்னு பொலம்புறாக, அதே மளயில நனையவும் செய்றாக. அட்டையில தீயப் போட்டம்னா, கேக்குறவுக எல்லாத்தையும் செத்தவுகளாத்தான் நெனச்சுக் கேப்பாக. அப்புறம் இந்தப் பிள்ள கேலி பண்ணிப் பாடிருக்குல்ல, மாமியா பாட்டு, அதுக்கு ஒருத்தரும் சிரிக்க மாட்டாக.”

முத்துமாரி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எங்க சித்தியே நல்லாச் சிரிக்குங்க்கா.”

“அப்ப என்ன போடுறது?” என்றான் கணேசன்.

“எனக்கு என்ன தெரியும்? நான் வேன்ல வந்ததில்லையே” என்றார் அக்கா.

முத்துமாரி பயந்துபோனாள். வேனில் வெளியாட்களை ஏற்றக் கூடாது. மூஞ்சி கீஞ்சி அட்டையில் வந்துவிட்டால் கம்பெனியில் கேள்வி வரும். சீசன் நேரத்தில் ஒருத்தியை நிறுத்தினால் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். சித்தியின் பிள்ளைகளும் அவள் வீட்டில்தான் இருந்தார்கள். அவளுக்கு அந்த வேலை போகக் கூடாது. இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. வேன் டிரைவர் அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்பது பிறகு தெரியவந்தது. சிவகாசியில் யாரும் யாருக்கும் அதிகத் தூரத்துச் சொந்தம் இல்லை.

அவர் போய்வந்த கதையை முத்துமாரி எங்களுக்குச் சொன்னாள். விடியும் நேரத்தில் அக்கா வேனில் ஏறி, நடுவில் நின்றுகொண்டு, “நான் பிரஸ்ஸுல லேபிள் போடுறவ. முத்துமாரி பாட்டு அட்டைக்காக உங்களப் பாக்க வந்துருக்கேன். கேமரா எதுவும் கொண்டாரல. வேண்டாம்னு நெனைக்கிறவுக சொல்லிருங்க, உங்களப் பாக்க மாட்டேன்” என்றிருக்கிறார்.

பெண்கள் சிரித்தார்கள். “பாத்தாப் பாத்துட்டுப் போங்க. இங்கன யாரு எங்களப் பாக்கா?” என்றாள் ஒருத்தி.

காலைப் பயணத்தில் ஒன்றும் தேறவில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் தலைக்குப் பூ வைத்தார்கள். கம்பெனிக்கு முன்னாலேயே அக்கா இறங்கிக்கொண்டார். பகல் முழுக்க ஊருக்குள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வேன் திரும்பி வரும்போது மறுபடி ஏறிக்கொண்டார்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. வேன் நின்றது. புழுக்கம் தாங்காமல் அக்கா கீழே இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, வேனைத் திரும்பிப் பார்த்தார். சாய்ந்த வெயில் வேனின் பக்கவாட்டில் முழுசாக அடித்துக்கொண்டிருந்தது. வெளி வெளிச்சத்தில் உள்ளே ஒரே இருட்டாகத் தெரிந்தது. முகம் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கம்பிகளைப் பிடித்திருந்த கைகள் மட்டும் தெரிந்தன. அலுமினியப் பொடி அப்பிய கைகள். எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் தங்கிவிடும் பொடி. வரிசையாக அத்தனை ஜன்னல்களிலும் வெள்ளி விரல்கள்.

ரயில் போய்க் கேட் திறந்தும் அக்கா ஏறவில்லையாம். டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த வாரமே அவர் பென்சிலில் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, எங்களுக்குக் காட்டினார். அட்டை முழுக்க வேனின் பக்கவாட்டு. மங்கிய நீல பெயிண்ட், அங்கங்கே துரு. கறுத்த ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் கைகள். ஒரு கையில் கண்ணாடி வளையல், ஒன்றில் பச்சை குத்திய தேள், ஒன்றில் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஒரு கையில் சுண்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, பெரிதாக்கவும் இல்லை. கீழே ஓரத்தில் ‘வேன் வந்துருச்சு’ என்று, வேனுக்குப் பின்னால் ஊர்ப்பெயர் எழுதும் அதே குண்டு எழுத்தில்.

“மூஞ்சிய வேணும்னு மறைக்கல. வெளிய இருந்து பாத்தா இப்படித்தான் தெரிஞ்சுது” என்றார் முத்துமாரியிடம்.

முத்துமாரி பார்த்துக்கொண்டே இருந்தாள். “எல்லாஞ் சரிதாங்க்கா. கைதான் செத்த கை மாதிரி இருக்கு.”

வழக்கமான நான்கு கலரில் வெள்ளி வராது. சாம்பல்தான் வரும். திரையில் மினுங்குவது போலத் தெரிந்தாலும் பேப்பரில் அது சாம்பல். அக்கா அதை ஒத்துக்கொண்டார். “வெள்ளி மையே ஊத்தணும். அஞ்சாவது கலரா” என்றார். பட்டாசு லேபிள்களுக்கு ஊற்றுகிற அதே வெள்ளி மை. பெரிய கம்பெனி ஒன்றின் லேபிளுக்காக மை மிஷினில் இருக்கும்போதே எங்களுடையதையும் சேர்த்து ஓட்டிக் கொடுப்பதாக மிஷின்மேனிடம் பேசிவிட்டார்.

முதல் தாள் வந்ததும் எங்கள் மூன்று பேரையும் கீழே கூப்பிட்டார். கைகள் இப்போது உயிரோடு இருந்தன. தாளைச் சாய்த்தால் வெயில் பட்டது போல மின்னின. கணேசன் ஆசையாக விரலால் தடவினான். விரலில் வெள்ளி ஒட்டிக்கொண்டது.

“இன்னும் வார்னிஷ் அடிக்கல, அதான். அடிச்சா ஒட்டாது” என்றார் மிஷின்மேன்.

அக்கா கணேசன் விரலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற முத்துமாரியின் விரலைப் பார்த்தார். அன்று அவள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

“வார்னிஷ் வேண்டாம்” என்றார்.

“தேச்சா வந்துரும் தாயி.”

“வரட்டும். பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். வெறும் அட்டை உறையாப் போடுவோம். வாங்குறவுக கையிலயும் கொஞ்சம் ஒட்டட்டும்.”

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கடைக்காரன் நான். சாயம் போகிற சரக்கை எவன் வாங்குவான்? ஆனால் முத்துமாரி அந்தத் தாளைத் தடவித் தடவித் தன் விரலையும் கணேசனின் விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கீழே வந்தது அந்த நேரத்தில்தான். பட்டாசு கம்பெனிகளின் ஆர்டரில் நிற்கிற அச்சகம் அது. அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இது யாரு கம்பெனி வேனு?”

“எல்லாக் கம்பெனி வேனும் இப்படித்தான முதலாளி இருக்கு” என்றார் அக்கா.

“அதத்தான் நானும் சொல்றேன். ஒருத்தன் வேன்னா ஒருத்தன் கோவிச்சுக்குவான். எல்லாரு வேனும்னா?” அவர் கட்டைவிரலில் வெள்ளி ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தார். வேட்டியிலும் ஒட்டியது. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “நம்ம பிரஸ் பேரு இதுல வரக் கூடாது” என்றார்.

“சரி முதலாளி. என் பேரும் போடல.”

அவர் படியேறிப் போனார். வேண்டாம் என்று சொல்லாமல் போனதே பெரிது. அப்படித்தான் அந்த அட்டையில் வரைந்தவர் பெயர் இல்லாமல் போயிற்று. இங்கே நானும் எழுதாததற்கு அதுதான் காரணம். பிறகு ஒருமுறை கேட்டேன், இப்போதாவது போடலாமா என்று. “எதுக்கு? அவுக பேரும்தான் இல்ல” என்றார்.

சிடி என் கடைக்கு வந்தது. கண்ணில் படுகிற மாதிரி முன்வரிசையில் அடுக்கினேன். நான் பயந்தது முதல் ஆளிலேயே நடந்தது. வாங்கிப்போன ஒருவர் அன்றைக்கே திரும்பி வந்து, “என்னங்க, சாயம் போகுது?” என்று சண்டை பிடித்தார். நான் அலுமினியப் பொடி, வேன், கைகள் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சினிமா சிடியை எடுத்துக்கொண்டு போனார்.

இன்னொரு நாள் ஒரு கல்லூரிப் பையன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். விரலைப் பார்த்தான். நான் விளக்கத்தை ஆரம்பித்தேன். “தெரியும்ணே” என்று நிறுத்தினான். “எங்கம்மா சோறு பெசஞ்சு ஊட்டுனா தட்டுல மினுங்கும்.” வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் கூடப் படிக்கும் ஐந்தாறு பேரைக் கூட்டிவந்தான். அதற்குப் பிறகு நான் யாருக்கும் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். ஒட்டிய விரலோடு அவர்களே கேட்டால் மட்டும் சொன்னேன்.

ஆனால் எங்கள் மூன்று பேரின் கவலை கடை விற்பனை இல்லை. கம்பெனி என்ன சொல்லும் என்பதுதான். டிரைவர் வேனிலேயே பாட்டைப் போட ஆரம்பித்திருந்தார். அட்டை பெண்களின் கையில் சுற்றியது. ஒருநாள் போர்மேன் முத்துமாரியைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கையில் அட்டை இருந்தது.

“இது நீ பாடுனதா?”

“ஆமாண்ணாச்சி.”

“எல்லாப் பாட்டும் நீதானா?”

“ஆமாண்ணாச்சி.”

“பாட்டுல என் பேரு எங்கயும் வருதா?”

“இல்லண்ணாச்சி.”

அவர் அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். “அப்பச் சரி. போ” என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு முத்துமாரி என் கடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவளுடைய மாமியார் பாட்டுக்கு அடுத்த கேலிப் பாட்டு அன்றைக்குக் கிடைத்துவிட்டது.

வேனில் பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. பெண்கள் அட்டையில் தங்கள் கையைத் தேடினார்கள். வளையலை வைத்து, தேளை வைத்து, கயிற்றை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பாதி சுண்டுவிரல் உள்ள அம்மாள், “என்னையும் போட்டுருக்கா பாரு” என்று அட்டையை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தரவில்லை. பேச்சியம்மாள் மட்டும் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “நான் எங்கடி?” என்று கேட்டார். வேனிலேயே மூத்தவர். அக்கா வந்த அன்றைக்குப் பேரனுக்கு மொட்டை போட லீவு எடுத்திருந்தார்.

“நீங்க அன்னைக்கு வரல பெரியம்மா” என்று முத்துமாரி சொல்லிப் பார்த்தாள்.

“இந்த வேன்ல நீ பொறக்குறதுக்கு முந்தி ஏறுனவ நான். ஒருநா வரலன்னா இல்லாமப் போயிருவனா?”

அன்றிலிருந்து டிரைவர் பாட்டுப் போட்டால் பேச்சியம்மாள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார்.

இதை நான் ஏதோ பேச்சுவாக்கில்தான் அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “வேன்ல ஒரு ஜன்னல் காலியா இருந்துச்சு. நான் அத காலின்னுதான் நெனச்சேன்” என்றார். முகம் வாடியிருந்தது. பார்த்ததை மட்டும் வரைகிறவருக்கு, பார்க்காமல் விட்டது இருக்கிறது என்று யாரோ சொன்னது போல.

சில மாதங்களில் சிடி தீர்ந்து, இரண்டாவது முறை அச்சடிக்க வேண்டியிருந்தது. பிளேட் அப்படியே இருந்தது, அதையே ஓட்டினால் போதும். அக்கா, “பாத்துட்டு வாரேன்” என்றார்.

முத்துமாரி முன்கூட்டியே பேச்சியம்மாளிடம் சொல்லி வைத்தாள். அதுதான் தப்பாகிவிட்டது. திரும்பும் வேனை, அன்றைக்குக் கேட் திறந்திருந்தும், அதே ரயில்வே கேட்டில் டிரைவரே நிறுத்தினார். அக்கா இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். ஜன்னல்களில் வெள்ளிக் கைகள் வந்தன. முன்பு காலியாக இருந்த ஜன்னலில், கம்பியைப் பிடிக்காமல், நேராக வெளியே நீண்டது ஒரு கை. சுத்தமாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. முந்தின நாளே மருதாணி வைத்து, அன்று லீவும் போட்டு, வேன் திரும்பும் நேரம் பார்த்து வழியில் ஏறியிருக்கிறார் பேச்சியம்மாள். உள்ளங்கை அப்படிச் சிவந்திருந்தது.

அக்கா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். “என்ன பெரியம்மா, எல்லாரு கையிலயும் பொடி இருக்கு. நீங்க கழுவிட்டு வந்துருக்கீக?”

“பின்ன? படத்துல வர்றதுன்னா கழுவாமயா வருவாக? இவளுகளுக்குத்தான் கூறு இல்ல” என்றார் பேச்சியம்மாள்.

வேன் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் நின்று, மறுபடி பார்த்தார்.

இரண்டாவது அச்சில் அத்தனை வெள்ளிக் கைகளுக்கு நடுவில் ஒரு கை மட்டும் சிவப்பு. நான் வேண்டாம் என்றேன். ஒழுங்காக இருக்கிற அட்டையை எதற்குக் கெடுப்பது? எல்லாக் கையும் வெள்ளியாக இருப்பதுதானே அதன் அர்த்தம்? பேச்சியம்மாள் கையையும் வெள்ளியாக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

அந்தச் சிவப்புக் கைதான் எங்கள் சிடியை வெளியூருக்குக் கொண்டுபோனது. மதுரையில் கேட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கடைக்கே வந்தார். பாட்டுகளைப் பற்றி நன்றாகப் பேசினார். பிறகு அட்டையை எடுத்து, அந்தச் சிவப்புக் கையில் விரலை வைத்து, “இது விபத்தில் இறந்துபோன சித்தியோட கை, இல்லையா? ரத்தம்” என்றார். குரல் தழுதழுத்தது. அவர் மனதாரத்தான் சொன்னார். கேட்கவும் பொருத்தமாக இருந்தது. நான் இல்லை என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த வாரம் சிவகாசிக்குப் போனபோது அக்காவிடம் இதைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேசையில் வைத்தார்.

“ரத்தமா? அய்ய, மருதாணின்னு சொல்லிருங்க தம்பி. அவுக அன்னைக்கு எம்புட்டுச் சந்தோசமா இருந்தாக. அதப் பாத்துத்தான போட்டேன்.”

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பத்திரிகைக்காரருக்குப் போன் போட்டேன். பேச்சியம்மாளைப் பற்றியும், லீவு போட்டு வழியில் வேன் ஏறியதைப் பற்றியும், கூறில்லாதவர்கள் என்று வேனையே திட்டியதைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. ஏமாந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.